நாய் படுக்கும் இடமும் நாம் நடக்கும் மண்ணும்

தோட்டப்புறத்தில் நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. விடியற்காலையில் பால் வெட்டப் புறப்படும் தாயின் பின்னால் நிரை வரை ஓடி, வெயில் ஏறும் வரை ஒரு மரத்தடியில் காத்துக் கிடந்து, அவர் வாளியுடன் திரும்பும்போது வாலாட்டிக்கொண்டு முன்னே நடந்து வருவது அதன் வழக்கம். இதற்கு அது பெறும் கூலி மிஞ்சிய சோறும் கருவாட்டுத் தலையும்தான். பூனையோ அரிசி மூட்டையை எலியிடமிருந்து காத்துத் தருகின்றது. நமக்கு இவ்வளவு உதவியாக இருக்கும் இப்பிராணிகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் உயிர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது குறைவு. உண்ணி, தெள்ளுப்பூச்சி, குடற்புழு என்று பெயரளவில் அறிவோம். அவை எங்கே பிறக்கின்றன, எங்கே வளர்கின்றன என்று பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நான் பிறந்து வளர்ந்தது ஒரு பால்மரத் தோட்டத்தில். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் செந்நிற நாய் ஒன்று இருந்தது. திடீரென ஒரு வாரம் அது சோறு உண்ணாமல் படுத்தது. பிறகு எழுந்து நடமாடியது. நாங்கள் மகிழ்ந்தோம். சில மாதங்கள் சென்றபின் ஒரு நாள் அதன் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகத் தொடங்கியது. வயிற்றுத் தோலில் கன்றிப்போன புள்ளிகள் தெரிந்தன. மூன்றாம் நாள் அது இறந்தது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று என் தந்தையார் முடிவு கட்டினார். நாய் குரைப்பது பற்றி முன்பு ஒருமுறை முறையிட்ட அடுத்த வீட்டுப் பெரியவர் மீது பழி விழுந்தது. இரண்டு குடும்பங்களும் இரண்டு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். ஒரே பிரட்டில் நின்றோம். ஆனால் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, நாய்களுக்கு வரும் உண்ணிக்காய்ச்சல் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். முதலில் சில நாள் காய்ச்சல், பிறகு நலமடைந்தது போன்ற தோற்றம், மாதங்கள் கழித்து மூக்கிலிருந்து இரத்தம், தோலில் கன்றிய புள்ளிகள் என அத்தனையும் அதில் இருந்தன. எங்கள் நாயின் காதுமடல் நிறைய உண்ணி இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இறந்த நாயை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே இன்று உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும் அந்தப் பெரியவர் விஷம் வைத்தார் என்று நம்புவதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. அவர் காலமாகும் முன் இதனை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

உண்ணிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமியின் பெயர் எர்லிக்கியா. இது நாயின் வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழும் நுண்கிருமி. 1960களில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பிரிட்டிஷ் படையினர் வைத்திருந்த காவல் நாய்கள், காரணம் விளங்காத இரத்தப்போக்கினால் இறந்தன. அதன்பின் வியட்நாம் போரின்போது, 1968க்கும் 1970க்கும் இடையில், அமெரிக்கப் படையின் நாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவை இதே நோய்க்குப் பலியாயின. நல்ல உணவும் தனி மருத்துவரும் பெற்றிருந்த படை நாய்களுக்கே இந்தக் கதி என்றால், லயத்து நாயின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு நற்செய்தி உண்டு. நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், டாக்சிசைக்கிளின் எனும் மருந்தை ஏறத்தாழ நான்கு வாரம் இடைவிடாமல் கொடுத்துப் பெரும்பாலான நாய்களைக் காப்பாற்றலாம். ஒரு வாரத்தில் நாய் துள்ளி எழுந்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

இந்தக் கிருமியைச் சுமந்து வருவது பழுப்பு நாய் உண்ணி. அதன் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பிழைகள் யாவும் அதனை அறியாமையால் விளைவன. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயின் உடலில் முட்டையிடுவதில்லை. அது கீழே விழுகின்றது. விழுந்தபின் ஊர்ந்து சென்று சுவர் ஏறுகின்றது. இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு, கதவுச் சட்டத்தின் பின்புறம், சில வீடுகளில் கூரை விட்டம் வரை சென்று, அங்கே 4,000 முட்டைகள் வரை இட்டு மடிகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்கள். அது இறங்கி வந்து நாயைப் பற்றிச் சில நாள் இரத்தம் குடித்து, மீண்டும் விழுந்து, இடுக்கில் ஒளிந்து தோலுரித்து எட்டுக்காலுடன் வருகின்றது. மறுபடியும் ஏறுகின்றது, மறுபடியும் விழுகின்றது. மூன்றாம் முறை ஏறும்போதுதான் அது முழு வளர்ச்சி அடைந்த உண்ணி. ஒருமுறைக்கு ஒருமுறை நாய் கிடைக்காவிட்டாலும் பல மாதம் பட்டினி கிடந்து காத்திருக்க அதனால் முடியும்.

ஆகவே, நாயின் உடலில் நீங்கள் காணும் உண்ணிகள் வீட்டில் உள்ள உண்ணிக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கே. மீதியெல்லாம் சுவரில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயை மடியில் கிடத்தி இருநூறு உண்ணி பிடுங்கிவிட்டு, அடுத்த ஞாயிறும் இருநூறு இருப்பதைக் கண்டு, “இந்த நாய்க்கு இப்படித்தான்” என்று சலித்துக்கொள்வோர் பலர். நாயின் மீது குற்றமில்லை. அது படுக்கும் இடத்தைக் கவனித்தல் வேண்டும்.

பலகை வீடானால் நாய் படுக்கும் மூலையின் இடுக்குகளைச் சாந்து கொண்டோ வேறு பொருள் கொண்டோ அடைத்துச் சுண்ணாம்பு பூசலாம். சிமெண்டுத் தரையானால் கொதிநீர் ஊற்றித் தேய்க்கலாம். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துக் கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். பழைய சாக்கானால் எரித்துவிடுவதே மேல். தொல்லை முற்றிய வீட்டில், இதற்கென உரிய பூச்சிமருந்தை இடுக்குகளில் தெளிக்க வேண்டியிருக்கும். தெளித்த இடம் நன்றாக உலரும் வரை பிள்ளைகளும் பிராணிகளும் உள்ளே வரலாகாது. ஒருமுறை தெளித்தால் போதாது. முட்டைகள் பின்னர்ப் பொரிக்கும். சில வாரம் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும்.

உண்ணியைப் பிடுங்கும் முறையும் ஒன்று உண்டு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். சுருட்டு நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டா. பிடுங்கியதை நகத்தால் நசுக்குவது நம் பாட்டிமார் வழக்கம். அதன் உடல் திரவம் விரலில் படுவது நல்லதன்று. சாக்கடையில் எறிவதும் பயனற்றது, தண்ணீரில் அது எளிதில் சாவதில்லை. மூடியுள்ள போத்தலில் சவர்க்கார நீரையோ ஸ்பிரிட்டையோ ஊற்றி அதில் போட்டுவிடுங்கள்.

மாக் மண்டினில் ஒரு மாலை

பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். ஒரு புறம் தொழிற்சாலைகள். மறு புறம் வரிசை வரிசையாக வீடுகள். தமிழ்ப்பள்ளியும் அங்கே உண்டு. செபராங் பிறையின் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல இப்பகுதியில் குடியேறித் தொழிற்சாலை வேலைக்குச் சென்றன. உங்கள் அண்ணனோ அத்தையோ அங்கே இருக்கக்கூடும். இடம் மாறினாலும் நாய் வளர்க்கும் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை. ஆனால் தோட்டத்தில் நாய் ஓடித் திரியக் காடு இருந்தது. இங்கே வீட்டின் முன்னால் உள்ள கையகல மண்தான் அதற்கு எல்லாம். பிள்ளைகள் விளையாடுவதும் அதே மண்ணில்.

அங்கே ஒரு குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பையன் தன் பாதத்தைச் சொறிந்தவண்ணம் இருந்தான். பார்த்தபோது, பாதத்தின் ஓரத்தில் சிவந்த கோடு ஒன்று பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து வளைந்து சென்றிருந்தது. நாளுக்கு நாள் அது நகர்வதாக அவன் தாயார் சொன்னார். மண்ணெண்ணெய் தடவியிருந்தார்கள், கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. வாசலில் ஒரு தாய் நாயும் ஐந்து குட்டிகளும் படுத்திருந்தன. குட்டி ஒன்றின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துக் காகிதம்போல் இருந்தது.

பையனின் காலும் குட்டியின் ஈறும் ஒரே கதையைச் சொல்கின்றன. அதுதான் கொக்கிப்புழு.

நம் தோட்டங்களுக்கும் கொக்கிப்புழுவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1915இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று, டாக்டர் சாமுவேல் டார்லிங் என்பாரின் தலைமையில் மலாயாவுக்கு வந்து, தோட்டத் தொழிலாளரிடையே இந்நோயை ஆராய்ந்தது. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடந்தவர்களின் பாதத்தின் வழியே புழுக் குஞ்சுகள் புகுந்து, குடலை அடைந்து, அங்கே பற்றிக்கொண்டு இரத்தத்தைக் குடித்தன. தொழிலாளிகள் வெளுத்துச் சோகை பிடித்தனர். மூச்சு வாங்க மரம் வெட்டினர். “சோம்பேறி” என்று அவர்களை ஏசியவர்களுக்கு அவர்கள் குடலில் இருந்த புழு தெரியவில்லை. இந்நோய் குறைந்ததற்கு மருந்தும் காரணம். ஆயினும் பெருங்காரணம் கழிப்பறையும் காலணியும் எனலாம். மலம் மண்ணில் விழாதபோது புழுவுக்கு வழி அடைபட்டது.

நாய்க்குக் கழிப்பறை இல்லை. அது இன்றும் மண்ணில்தான் மலம் கழிக்கின்றது. அதன் குடலில் உள்ள கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்துடன் விழுந்து, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கின்றன. குஞ்சுகள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் வலிமை பெறுகின்றன. நாய், பூனையின் கொக்கிப்புழுக்களில் சில மனிதத் தோலுக்குள் புகுந்தாலும் வழி தெரியாமல் தோலுக்கு அடியிலேயே அலைந்து மடிகின்றன. பையனின் காலில் இருந்த கோடு அவ்வாறு அலைந்த குஞ்சின் தடம். ஆனால் எல்லாம் அப்படி அலைந்து மடிவதில்லை. அன்சைலோஸ்டோமா சைலானிகம் என்றொரு வகை உண்டு. 1911இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் அதற்கு இப்பெயர். இது நாய், பூனையின் புழு என்றே நெடுங்காலம் பெரிதும் கருதப்பட்டது. மனிதக் குடலிலும் முழுமையாக வளர்ந்து இரத்தம் குடிக்க அதனால் இயலும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டுக் கிராம மக்களிடமும் அவர்களுடைய நாய், பூனைகளிடமும் இதே புழு இருப்பது மரபணுச் சோதனையால் தெரியவந்தது.

எனவே செய்ய வேண்டுவது யாது? மிகவும் எளியது, காசில்லாதது. நாயின் மலத்தை நாள்தோறும் அள்ளிக் குழியில் இட்டு மூட வேண்டும். நாள்தோறும் என்பதை நான் அழுத்திச் சொல்கின்றேன். புழுக் குஞ்சு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்று மேலே கண்டோம். இன்றைய மலத்தை இன்றே அகற்றினால் அந்த வாரம் அதற்குக் கிடைப்பதில்லை. வட்டப்புழுவின் முட்டை மண்ணில் முதிர்ந்து பிறரைத் தொற்ற இரண்டு வாரமோ அதற்கு மேலோ தேவை. பூனையின் மலத்தில் உள்ள டாக்சோபிளாஸ்மா எனும் கிருமிக்கும் ஒரு நாளாவது வேண்டும். அது கருவுற்ற பெண்களின் சிசுவைத் தாக்கக்கூடியது. ஆதலால் கருவுற்ற பெண்கள் பூனை மலத்தை அள்ளும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை ஒன்று மூன்று எதிரிகளையும் முந்திக்கொள்கின்றது. ஆண்பிள்ளைகள் இதனைக் கௌரவக் குறைவாகக் கருதுகிறார்கள் என்பது நான் கண்ட உண்மை. மாட்டுச் சாணத்தைக் கையால் அள்ளிய தாத்தாவின் பேரன்கள் நாம்.

பிள்ளைகள் செருப்பணிந்து மண்ணில் இறங்குவதும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் உடன் வேண்டுவன. காலில் அந்த நெளிகோடு தோன்றினால் மண்ணெண்ணெய், சூடு, பனிக்கட்டி என எதையும் பரீட்சித்துப் பார்க்க வேண்டா. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். இதற்குச் சிறந்த மாத்திரைகள் உள்ளன.

குட்டிகளின் கதி

குட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். “ஆறு போட்டது, நாலு செத்துப்போச்சு” என்று தோட்டத்தில் சாதாரணமாகச் சொல்வார்கள், அது இயற்கை என்பதுபோல. அந்த நான்கில் பலவற்றைக் கொன்றது புழுவாக இருத்தல் கூடும். நாயின் வட்டப்புழு, குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக அதனை அடைகின்றது. கொக்கிப்புழுவோ தாய்ப்பால் வழியாகவும் வருகின்றது. ஆகவே வெளிமண்ணை மிதியாத குட்டிக்கும் புழு உண்டு. வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருக்கும், விலா எலும்பு தெரியும், கொக்கிப்புழுவானால் மலம் கறுத்துத் தார்போல் இருக்கும், ஈறு வெளுக்கும். மூன்று வாரக் குட்டி அவ்வளவு இரத்தத்தை இழந்து எப்படிப் பிழைக்கும்?

பிறந்த இரண்டாம் வாரம் முதற்கொண்டு குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறையாக மூன்று மாதம் வரை, பிறகு மாதம் ஒருமுறை ஆறு மாதம் வரை, அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். பைராண்டெல் போன்ற மருந்துகள் விலை மிகுந்தவை அல்ல. அளவு மட்டும் பிராணியின் எடைக்கேற்ப இருத்தல் வேண்டும். எடை பார்ப்பது கடினமன்று. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நின்று பாருங்கள். கழித்தால் நாயின் எடை. (பால் நிறுக்கும் தராசில் மட்டும் நாயை ஏற்ற வேண்டா, கிராணியாரின் கோபத்திற்கு நான் பொறுப்பல்லேன்.)

தெள்ளுப்பூச்சியின் கதை உண்ணியின் கதையைப் போன்றதே. நாயிலும் பூனையிலும் காணப்படும் தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் ஒரே வகைதான். பூனைத் தெள்ளு என்பர். நூறு பங்கில் ஐந்து பங்குதான் பிராணியின் மேல் இருக்கும்; மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் பாயிலும் பலகை இடுக்கிலும் மணலிலும் கிடக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் கூறும் கணக்கு. கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு, காலடி அதிர்வைக் கேட்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்தவுடன் கால் முழுதும் கடிபடுவது இதனால்தான். பூனையின் பின்புறத்தில் வெள்ளரி விதைபோல், அரிசிபோல் ஒன்று ஒட்டியிருந்து நெளிவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்கிய பிராணிக்கு அது வருகின்றது. பூனையைக் கொஞ்சும் குழந்தை தப்பித் தவறித் தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் வரும். எனவே நாடாப்புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் ஒரு மாதத்தில் பழைய நிலைதான்.

மருந்தென எண்ணி விஷம் இடுதல்

இங்கே சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது. தோட்டத்தில் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து பழகியவர்கள் நாம். பாராகுவாட் எனும் களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் மற்றவை உண்டு. “செடிப் பூச்சியைக் கொல்லும் மருந்து நாய்ப் பூச்சியைக் கொல்லாதா?” என்று அதனைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டியவர்களை நான் அறிவேன். பூச்சி செத்தது, மாலைக்குள் நாயும் வாயில் நுரை தள்ளி இழுத்து மடிந்தது. சொறி பிடித்த நாய்க்கு வண்டியின் கறுப்பு எண்ணெய் தடவுவதும் அவ்வாறே. அது தோல் வழியே உள்ளே செல்லும். நாய் நக்கியும் உள்ளே செல்லும். சொறிக்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும் சிறு பூச்சி. அதற்கு உரிய மருந்து உண்டு. அச்சொறியில் ஒரு வகை மனிதருக்கும் தொற்றி அரிப்பு உண்டாக்கும் என்பதால் தாமதிப்பது வீட்டாருக்கும் கேடு.

பூனை வைத்திருப்போர் ஒன்றை மறவாது மனத்தில் கொள்ள வேண்டும். நாய்க்கு விற்கப்படும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உள்ளது. நாய் அதனைத் தாங்கும், பூனை தாங்காது. நாய்க்கு வாங்கியதில் மிஞ்சியதைப் பூனைக்கு இரண்டு சொட்டு விட்டு, அது நடுங்கி இழுத்துச் செத்ததைக் கண்டு அழுதவர்கள் உண்டு. காய்ச்சலென்று பூனைக்குப் பெனடால் கொடுப்பதும் கொலைக்கு ஒப்பானது. ஒரு மாத்திரை போதும்.

ஐவர்மெக்டின் எனும் மருந்தின் வரலாறு வியப்பானது. சப்பானில் சத்தோஷி ஓமுரா என்ற அறிஞர் கவானா எனும் ஊரில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அது பிறந்தது. அதற்காக அவரும் வில்லியம் கேம்பெல் என்பாரும் 2015இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அம்மருந்தும் மாட்டுக்கு உரிய அளவில் நாய்க்கு ஊசி போடப்பட்டால் நஞ்சாகும். மாட்டுக்காரரிடம் இரவல் வாங்கிப் போடுதல் ஆகாது.

கொசு சுமந்து வரும் புழுக்களைப் பற்றியும் சில வார்த்தை. நாயின் இதயத்தில் வளரும் இதயப்புழு கொசுக்கடியால் வருவது. இளைப்பும் இருமலும் தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். மாதம் ஒருமுறை தடுப்பு மருந்து கொடுத்துத் தவிர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே புழு உள்ள நாய்க்குச் சோதனையின்றிக் கொடுப்பது ஆபத்து. நம் நாட்டின் பெயரையே தாங்கிய புரூகியா மலாயி எனும் யானைக்கால் புழுவின் ஒரு வகை, சதுப்புநிலப் பகுதிகளில் பூனையின் உடலிலும் குடியிருக்கின்றது. 1956இல் பக்லி, ஏடிசன் என்ற இருவர் நாயிலும் பூனையிலும் கண்டு விவரித்த மற்றொரு புழு, பகாங் மாநிலத்தின் பெயரைப் பெற்றுள்ளது. கொசுவை ஒழிப்பது மனிதருக்காக மட்டும் செய்யும் வேலை அன்று.

தனியார் மருத்துவரிடம் சென்றால் செலவு அதிகம் என்பது உண்மையே. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ வாயில் கொடுக்கும் புதிய உண்ணி மாத்திரைகள் நன்கு வேலை செய்கின்றன. விலைதான் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். வலிப்பு உள்ள நாய்க்கு அவற்றை மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. அரசாங்கக் கால்நடை இலாகாவை முதலில் அணுகிப் பாருங்கள். ஒரே லயத்தில் பத்து நாய்கள் இருந்தால் பத்து வீட்டாரும் ஒரே வாரத்தில் மருந்திடுவது நல்லது. ஒரு வீட்டார் மட்டும் செய்தால், அடுத்த வீட்டு உண்ணி சுவர் தாண்டி வரும். நாய்க்கு மாநகர் மன்றத்தின் உரிமம் எடுப்பதும், அதனைக் கட்டி வளர்ப்பதும் அயலார்க்கு நாம் செய்ய வேண்டிய கடமை. நாய் தம் வாசலில் வருவதை விரும்பாத அண்டை வீட்டார் உண்டு. அவர்தம் மனத்தை மதித்தல் நம் பண்பு. மருத்துவரைக் காணும்போது வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியையும் கேட்டுப் பெறுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் நாய்களிடையே தோன்றியதையும், 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களைப் பலி கொண்டதையும் மறந்துவிடலாகாது.

மாக் மண்டின் வீட்டுக்குச் சில வாரம் கழித்து மறுபடியும் சென்றேன். பையனின் காலில் கோடு மறைந்திருந்தது. குட்டிகளில் இரண்டு இறந்துவிட்டன, மூன்று பிழைத்தன. வாசல் மண்ணின் மேல் நிழல் விழச் செய்திருந்த பழைய தகரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். வெயில் நேரே விழுந்தது. சுவரோரம் சிறு மண்வெட்டி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. “தினமும் காலையில் அப்பாவின் முறை, சாயங்காலம் என் முறை” என்றான் பையன். அவன் காலில் செருப்பு இருந்தது. இடமும் வலமும் மாறிக் கிடந்தன. மூன்று குட்டிகளில் ஒன்றின் உதட்டை அவனே தூக்கிக் காட்டினான். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது.